தொங்கு சட்டசபையில் சுயேச்சைக்கு என்ன வேலை?

தென்கரை:
எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காத சபையில் சுயேச்சைகள் அமைச்சர் பதவி வாங்கவே கூடாது என்பது என் கருத்து. ஜார்க்கண்டைப் பாருங்கள். மொத்தம் 81 இடங்கள். 2005ல் பாஜக சீட் தராததால் ஜகந்நாத்பூரில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார் மது கோடா. பாஜக முதலமைச்சர் அர்ஜுன் முண்டாவின் அரசை ஆதரித்து அமைச்சரானார். அடுத்த வருடமே வேறு சில எம்எல்ஏக்களோடு வெளியே வந்து அந்த அரசைக் கவிழ்த்தார். 2006 செப்டம்பரில் காங்கிரஸ், ஜேஎம்எம் (ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா), ஆர்ஜேடி (ராஷ்ட்ரிய ஜனதா தளம்) ஆதரவோடு அவரே முதலமைச்சர்! ஏறக்குறைய இரண்டு வருடம் ஆண்டார். நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் 2017ல் விசாரணை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறை விதித்தது. கோடா முதலமைச்சராக வேண்டும் என்று அந்த மாநிலத்தில் யார் ஓட்டுப் போட்டார்கள்?

சோளக்காடு:
யாரும் போடவில்லை. ஆனால் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது பெரிய கட்சிகள்தானே? பழியை மட்டும் சுயேச்சைகள் மீது போடுவது நியாயமில்லை. 1957 கேரளத்தையும் பாருங்கள். 126 இடங்களில் கம்யூனிஸ்டுகளுக்கு 60தான். 5 சுயேச்சைகள் கைகொடுத்ததால் கம்யூனிஸ்ட் தலைவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் ஆட்சி அமைந்தது. சுயேச்சையாக வென்ற வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த அரசில் சட்ட அமைச்சர்.

தென்கரை:
கிருஷ்ணய்யர் கம்யூனிஸ்ட் ஆதரவோடு நின்றவர். அவர் யார் பக்கம் என்பது ஓட்டுப் போடும்போதே மக்களுக்குத் தெரியும். நான் பேசுவது ரிசல்ட் வந்த பிறகு பேரம் பேசுகிறவர்களைப் பற்றி.

ஓசூர்க்காரன்:
எங்களுக்குப் பக்கத்து மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2008ல் கர்நாடகத்தில் பாஜகவுக்கு 110, தேவை 113. சுயேச்சைகள் ஆதரவு கொடுத்தார்கள், அவர்களில் ஐந்து பேர் அமைச்சரானார்கள். 2010 அக்டோபரில் பாஜக எம்எல்ஏக்கள் 11 பேரோடு ஐந்து சுயேச்சைகளும் முதலமைச்சர் எடியூரப்பாவுக்கு எதிராகத் திரும்பினார்கள். உடனே சபாநாயகர் 16 பேரையும் தகுதிநீக்கம் செய்துவிட்டார், அதற்குப் பிறகுதான் நம்பிக்கை வாக்கெடுப்பு. அமைச்சரானதால் அந்தச் சுயேச்சைகள் பாஜகவில் சேர்ந்துவிட்டதாகவே அர்த்தம் என்பது சபாநாயகரின் வாதம். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓர் அரசை ஆதரிப்பதும் அதில் அமைச்சராக இருப்பதும் கட்சியில் சேர்வதாகாது என்று சொல்லிவிட்டது. ஆக, கட்சியில் சேர்ந்தால் பதவி போகும். சேராமல் எத்தனை முறை அணி மாறினாலும் கட்சித் தாவல் சட்டம் தொடாது. கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மெல்பர்ன்வாசி:
இங்கே ஆஸ்திரேலியாவில் நடந்ததையும் கேளுங்கள். 2010 ஆகஸ்ட் நாடாளுமன்றத் தேர்தலில் 150 இடங்களில் லேபர் கட்சிக்கு 72. ஆட்சிக்கு 76 வேண்டும். டோனி விண்ட்சர், ராப் ஓக்ஷாட் என்ற இரண்டு கிராமப்புறச் சுயேச்சைகள் இரண்டு வாரத்துக்கு மேல் யோசித்தார்கள். லேபர், எதிரணி என இரு தரப்பு வாக்குறுதிகளுக்கும் எவ்வளவு செலவாகும் என்று நிதித்துறை அதிகாரிகளிடமே கணக்குக் கேட்டார்கள். செப்டம்பர் 7 அன்று லேபர் பிரதமர் ஜூலியா கில்லார்டுக்கு ஆதரவு சொன்னார்கள். நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும்தான் ஆதரவு, மற்ற மசோதாக்களில் அவர்கள் இஷ்டம். எல்லாம் எழுத்தில் இருந்தது, நாடே படித்தது. ஆண்ட்ரூ வில்கி என்ற இன்னொரு சுயேச்சை சூதாட்ட இயந்திரங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். பிரதமர் 2012 ஜனவரியில் பின்வாங்கியதும் ஆதரவை விலக்கிக்கொண்டார். ஏன் விலகினார் என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

தென்கரை:
விண்ட்சர், ஓக்ஷாட் இருவரின் தொகுதிகளும் பழமைவாதிகளின் கோட்டைகள். அந்த மக்கள் லேபர் ஆட்சியைக் கேட்கவே இல்லை. 2013ல் இருவரும் போட்டியிடவில்லை, இரண்டு தொகுதியும் பழமைவாதக் கட்சியான நேஷனல் கட்சிக்குப் போயின. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சோளக்காடு:
2010ல் அதே மக்கள்தானே நேஷனல் கட்சி வேட்பாளரைத் தோற்கடித்துவிட்டு இவர்களை அனுப்பினார்கள்? "எங்களுக்காக நீயே முடிவெடு" என்று அனுப்பியவரை ஒதுங்கி நிற்கச் சொன்னால் அந்தத் தொகுதி ஓட்டுக்கு என்ன மதிப்பு? அரசு விழுந்து மறுதேர்தல் வந்தால் அந்தச் செலவும் மக்கள் தலையில்தான். சரி, ஒன்று கேட்கிறேன். ஆதரவுக் கடிதத்தை நிபந்தனைகளோடு வெளியிட வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் வந்தால் ஒப்புக்கொள்வீர்களா?

தென்கரை:
அமைச்சர் பதவி வாங்கக் கூடாது என்ற விதியும் அதில் இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். கில்லார்டு அமைச்சர் பதவி தர முன்வந்தபோது ஓக்ஷாட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆதரவு கொடுத்தது மட்டும்தான். நம் ஊர்ச் சுயேச்சைகளிடமும் நான் கேட்பது அதைத்தான்.