கலைச்சொல்: முனையைக் கழற்றி மாற்றும் பின்னல் ஊசிக்கு என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

பின்னல் ஊசிப் பெட்டி ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பெட்டியில் 3.5 மி.மீ. முதல் 8 மி.மீ. வரை ஜோடி ஜோடியாக முனைகள், இரண்டு முனைகளை இணைக்கும் வளையக்கூடிய கேபிள்கள் பல நீளங்களில், இறுக்குவதற்கு ஒரு சிறு கம்பி, கேபிள் நுனிக்கு மூடிகள். வேண்டிய முனையை வேண்டிய கேபிளில் திருகிப் பின்ன வேண்டியதுதான். இப்போதைக்கு 'மாற்றூசி' என்று போட்டிருக்கிறேன். சரியா?

* * *

> இப்போதைக்கு 'மாற்றூசி' என்று

புணர்ச்சி சரி, பொருள்தான் இடிக்கிறது. மாற்றுச் சாவி என்றால் ஒன்று தொலைந்தால் எடுத்துக்கொள்ள இன்னொன்று. மாற்றுடையும் அப்படியே. பொன்னின் மாற்று வேறு இருக்கிறது, அதற்குள் போனால் கட்டளைக்கல் வரை போக வேண்டும்.

'கழலூசி' என்கிறேன். கழன்ற, கழல்கின்ற, கழலும் ஊசி; வினைத்தொகை. வீரர் அணிந்த கழலும் காலில் தளர்ந்து கிடந்ததால் வந்த பெயரே என்பது என் நெடுநாள் கருத்து. தண்டை, சிலம்பு பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

* * *

ஐயா, தனி மடல் மெதுவாக வரட்டும். கழல்வது தன்வினை. பின்னுகிறவர்களுக்கு அதுதான் தலைவலியே! வரிசை நடுவில் திருகு தளரும், அந்த இடுக்கில் நூல் சிக்கும், சட்டென்று முனை மட்டும் கையோடு வந்துவிடும், கேபிளில் இருந்த கண்ணிகள் ஒவ்வொன்றாக நழுவும். முனையின் அடியில் ஒரு துளை இருப்பது இதற்காகத்தான். கம்பியை அதில் செருகி, நெம்பிப் பிடித்து இறுக்க வேண்டும். பெட்டிமேல் 'கழலூசி' என்று அச்சிட்டால் குறையை நாமே விளம்பரம் செய்த மாதிரி. பிறவினையாகக் 'கழற்றூசி' என்றாவது சொல்லுங்கள்.

தம்பி, பெயர் எதுவானாலும் நீளத்தைத் தெளிவாக எழுதுங்கள். பல தயாரிப்புகளில் கேபிள் உறைமேல் 60 செ.மீ. என்றிருப்பது இரண்டு முனைகளையும் மாட்டிய பிறகு வரும் நீளம். 13 செ.மீ. முனை இரண்டைக் கழித்தால் கேபிள் 35 செ.மீ. அளவுதான் தேறும். வெறும் கேபிளை அளந்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. தொப்பி பின்ன 40 செ.மீ. வேண்டுமென்றால் அந்த முனை ஒத்துவராது, கேபிள் வளையவே இடமிருக்காது. குட்டை முனைதான் வேண்டும்.

* * *

'தொடுப்பூசி'? முனையையும் கேபிளையும் தொடுப்பதால்.

* * *

வேகமாகச் சொல்லிப் பாருங்கள், தடுப்பூசி. தொடுப்புக்குப் பேச்சுவழக்கில் உள்ள பொருளை நான் சொல்லவில்லை.

அது கிடக்கட்டும், காதில்லாததை ஊசி என்பதே தவறு. 'பின்னற்கோல்' என்க.

* * *

காதற்ற ஊசியையும் பட்டினத்தார் ஊசி என்றுதானே சொன்னார்?

* * *

அங்கே 'அற்ற' என்பது அறுந்த என்ற பொருளில். முன்பு காது இருந்தது, பிறகு போயிற்று. பிறவியிலேயே இல்லாததற்கு அது சான்றாகாது.

* * *

இதற்கும் காது உண்டு ஐயா. இறுக்கும் துளையில் மெல்லிய நூலைக் கோத்துக்கொண்டு ஒரு வரிசை பின்னினால், கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளும் அந்த நூல் தானாகவே ஓடிவிடும். பின்னால் பிழை வந்தால் அதுவரை தைரியமாகப் பிரிக்கலாம். ஆகவே ஊசிதான்.

இன்னொன்று: மாறுவது முனை. பர்ல் வரிசை (பின்னலின் பின்பக்கத்தில் போடும் வரிசை) மட்டும் தளர்வாக வருகிறவர்கள் அந்த வரிசையைப் பின்னும் கையில் 3.75, மற்றக் கையில் 4 மி.மீ. என்று மாட்டிக்கொள்வார்கள். பாதியில் வேலையை நிறுத்த வேண்டுமா, முனைகளைக் கழற்றி, மூடிகளைப் போட்டுக் கண்ணிகளைக் கேபிளிலேயே விட்டுவிட்டு, அதே முனைகளோடு வேறொன்றை ஆரம்பிக்கலாம். பெயரில் 'முனை' வரட்டும்.

* * *

'முனைமாற்றூசி' என்றால் என் மறுப்பு பாதி குறையும். ஆனால் ஊசியா முனையை மாற்றுகிறது? மாற்றுவது நாம்.

* * *

உண்கலம் தானா உண்கிறது? விடுங்கள் ஐயா.

* * *

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன். 'முனை மாற்றும் ஊசி' என்று பிரித்தே எழுதிவிட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அக்கா சொன்ன நீளக் கணக்கு முதல் பக்கத்திலேயே வருகிறது. கேபிள் கேபிளாகவே இருக்கிறது.

* * *

> கேபிள் கேபிளாகவே

சரடு என்ற சொல் என்ன பாவம் செய்தது? 'முனை மாற்றும் ஊசி' கலைச்சொல்லே அல்ல, விளக்கம். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். கழல் பற்றிய மடல் ஞாயிறு வரும்.