மென்சவ்வின் கொலஸ்திரோலை உருவினால் ஈ.ஜி.எஃப் (கலத்தை வளரத் தூண்டும் புரதம்) கலத்துக்கு உள்ளே போவது குறையுது. அப்போ ராஃப்ட் (மென்சவ்வில் கொலஸ்திரோல் செறிந்த திட்டு) வழிதானா?

வந்தாறுமூலை மாணவி
ஹீலா கலங்களுக்கு (ஆய்வுகூடத்தில் வளர்க்கிற மனிதப் புற்றுக் கலங்கள்) கொலஸ்திரோலை உருவுற மீதைல் பீற்றா சைக்ளோடெக்ஸ்ரின் 10 மில்லிமோலர், 37 பாகையில் 30 நிமிடம். பிறகு ஒளிரும் ஈ.ஜி.எஃப், மில்லிலீற்றருக்கு 100 நனோகிராம். உள்ளே போனது பாதிக்கும் குறைவு. ஆனால் வாங்கியின் (ஈ.ஜி.எஃப் வந்து ஒட்டுற மென்சவ்வுப் புரதம்) பொஸ்பரேற்றம், அதாவது சமிக்ஞை தொடங்கின அடையாளம், கூடியிருக்கு! ராஃப்ட் வழியாத்தான் போகுது என்று எழுதலாமா சேர்?

கல்முனைக் கலம்
எழுதிராதீங்க தங்கச்சி. சைக்ளோடெக்ஸ்ரின் ராஃப்டைத் தேடிப்போய்க் குலைக்காது. மென்சவ்வு முழுக்க உள்ள கொலஸ்திரோலை உருவும். உள்ளே போக இன்னொரு வழி, கிளத்ரின் என்ற புரதம் போர்த்தின குழி. அந்தக் குழி ஆழமாக வளையவும் கொலஸ்திரோல் வேணும். குறைஞ்சால் குழி தட்டையாகவே நின்றிரும், 1999இலேயே காட்டின விசயம். அதே நிபந்தனையில் ட்ரான்ஸ்ஃபெரின் (இரும்பைக் காவுற புரதம்) போட்டுப் பாருங்க. அது கிளத்ரின் வழியாப் போறது. அதுவும் குறைஞ்சால் உங்கட முடிவு நிக்காது. (சீரம் இல்லாத ஊடகத்தில் அரை மணியாவது விட்டுத்தான் போடணும். இல்லாட்டி சீரத்தில் உள்ள ட்ரான்ஸ்ஃபெரினே அதன் வாங்கியைப் பிடிச்சிரும்.) கொலஸ்திரோல் ஏற்றின சைக்ளோடெக்ஸ்ரினால் திருப்பிக் கொடுத்து, பழைய அளவு மீளுதா என்றும் பார்க்கணும். 10 மில்லிமோலர் கூடின அளவு. 2, 5 என்று படியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ட்ரிப்பான் நீலத்தால் செத்த கலங்களை எண்ணுங்க.

ஒலுவில் உயிர்இரசாயனம்
ஈ.ஜி.எஃப் அளவும் பிழை. ஹீலாவில் 1–2 நனோகிராமுக்குப் பெரும்பாலும் கிளத்ரின் வழி. 20க்கு மேலே கிளத்ரின் இல்லாத வழியும் திறக்கும். 100இல் இரண்டும் கலந்துதான் தெரியும். 1.5, 20 இரண்டிலும் செய்யுங்க. கிளத்ரின் வழியில் போனதில் பெரும்பகுதி மேற்பரப்புக்குத் திரும்பும், சமிக்ஞை நீளும். கிளத்ரின் இல்லாத வழியில் போனது பெரும்பாலும் இலைசோசோமுக்கு (கலத்தின் செரிமானப் பை) போய் அழியும். வேறு கல வரிசையில் இந்த எல்லை அப்படியே இருக்காது.

பொஸ்பரேற்றம் கூடினது வேறு கணக்கு. கொலஸ்திரோல் செறிந்த சூழல் வாங்கியை அடக்கி வைக்கும், உருவினால் ஈ.ஜி.எஃப் இல்லாமலே பொஸ்பரேற்றம் ஏறலாம். ஈ.ஜி.எஃப் போடாத வெல் (வளர்ப்புத் தட்டின் ஓர் அறை) இருந்ததா? வாங்கி வெளியில் தங்கினதால் கூடினது என்று உடனே முடிச்சுப் போடாதீங்க, எண்டோசோமில் (உள்ளே போனது முதலில் சேருற சிறு பை) இருந்தும் சமிக்ஞை போகும்.

கல்லடி ஐஸ்பெட்டி
அமிலக் கழுவல் செய்தீங்களா? இல்லாட்டி வெளியில் ஒட்டினதையும் சேர்த்தே எண்ணியிருப்பீங்க. 4 பாகையில் ஈ.ஜி.எஃப்பை ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, கழுவி, 37க்கு மாற்றி, 5, 10, 15 நிமிடத்தில் ஐஸில் நிறுத்துங்க. 0.2 மோலர் அசற்றிக் அமிலம், 0.5 மோலர் உப்பு, 5 நிமிடம், அதுவும் ஐஸில். பூச்சிய நிமிட (37க்கு மாற்றாத) வெல்லில் ஒளிர்வு மிஞ்சினால் கழுவல் போதாது, அல்லது தட்டு சூடேறியிருக்கு. நம்மட சித்திரை வெக்கையில் இரண்டாவதுதான் அதிகம். வெறும் ஐஸ்கட்டி மேல வைக்காதீங்க. நொறுக்கின ஐஸில் தண்ணி விட்டு, தட்டின் அடி முழுக்க நனையணும். மீன்வாடி ஐஸ் போதும்.

வந்தாறுமூலை மாணவி
ஈ.ஜி.எஃப் இல்லாத வெல் வைக்கல்ல. அமிலக் கழுவலும் இல்ல. 1.5இலிருந்து திரும்பத் தொடங்குறன்.