ஃபெராரி 360 மோடெனாவுக்கு முழு ரீபெயின்ட்: மதிப்பீடுகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

கேள்வி

வண்டி ஃபெராரி 360 மோடெனா, ரோஸ்ஸோ கோர்ஸா சிவப்பு. முன்மூடியில் க்ளியர் கோட் (நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற காப்புப் பூச்சு) உரிகிறது. முன் பம்பர் முழுக்கக் கல் அடித்த புள்ளிகள். இடது கதவின் கைப்பிடி அருகே இரண்டு சிறு கொப்புளங்கள். பெயின்ட் தடிமன் மீட்டர் வைத்துப் பார்த்ததில் கூரை 130 மைக்ரான், வலது கதவு 140, முன்மூடி 380, இடது கதவு 420. கடைசி இரண்டிலும் ஏற்கெனவே மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று புரிகிறது.

மூன்று இடங்களில் முழு ரீபெயின்டுக்கு மதிப்பீடு வாங்கினேன். மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் ஆறு மடங்கு வித்தியாசம். மூன்றிலும் ஒரே தரமான பெயின்ட் பிராண்டுதான் எழுதியிருக்கிறது. அப்படியானால் மீதிப் பணம் எதற்குப் போகிறது? எதைக் கேட்டால் உண்மையான வேலை எது என்று தெரியும்?

பதில் 1

மதிப்பீட்டில் பெயின்ட் பிராண்டைப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். தரமான முழு ரீபெயின்டில் பெயின்ட், ப்ரைமர், ஹார்டனர் (பெயின்டை இறுக வைக்கக் கலப்பது), உப்புத்தாள், மாஸ்கிங் (பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைப்பது) எல்லாம் சேர்ந்தே மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அபூர்வம். மற்றதெல்லாம் ஆள் நேரம். எனவே மூன்று பேரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தக் கட்டத்துக்கு எத்தனை மணி நேரம்?

360 அளவுள்ள இரண்டு இருக்கை அலுமினிய வண்டிக்கு, அதே நிறத்தில், கண்ணாடிகளைக் கழற்றிச் செய்வதானால் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். கழற்றுவதற்கு 35 முதல் 45 மணி நேரம். பழைய பெயின்டை எடுக்க 40–50. டென்ட் எடுப்பது, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), ப்ரைமர், தேய்த்து நேராக்குவது எல்லாம் சேர்த்து 80–100. மாஸ்கிங்கும் அடிப்பதும் 25–30. தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் போட 30–40. திரும்பப் பூட்ட 40–50. மொத்தம் 250 முதல் 315 மணி நேரம். அதை அந்தப் பட்டறையின் மணிக்கூலியால் பெருக்குங்கள், பொருள் செலவைக் கூட்டுங்கள். அதுதான் நேர்மையான தொகை.

உங்களுக்கு வந்த குறைந்த மதிப்பீட்டை இப்படிப் பிரித்துப் பார்த்தால் 40 முதல் 60 மணி நேரத்துக்கு மேல் வராது. அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? கண்ணாடியை வைத்தபடியே ஓரத்தில் டேப் ஒட்டி, மேல்பரப்பை மட்டும் சொரசொரப்பாக்கி, மேலேயே அடித்துவிட முடியும். கடையை விட்டு வெளியே வரும் நாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். டேப் ஒட்டிய இடத்தில் பெயின்ட் ஒரு விளிம்பாக முடியும். அந்த விளிம்பில்தான் தண்ணீரும் அழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சியும் முதலில் வேலையைக் காட்டும். உரிதல் எப்போதும் ரப்பர் ஓரத்தில், கைப்பிடியின் அடியில், விளக்குகளைச் சுற்றி ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான்.

அடிக்கும் நேரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். “எங்கள் பெயின்டர் கை சுத்தம்” என்று மட்டும் சொல்லும் கடையிடம், தேய்ப்பது யார் என்று கேளுங்கள்.

பதில் 2

அலுமினியம் என்பதால் சில விஷயங்கள் மாறும். கொப்புளங்களை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரும்புத் திருகோ ஆணியோ அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். வெள்ளைப் பொடியாகி பெயின்டை மேலே தள்ளும். மேலே தேய்த்து அடித்தால் அதே இடத்தில் மீண்டும் கிளம்பும். கைப்பிடியைக் கழற்றி, பளபளக்கும் உலோகம் தெரியும் வரை எடுத்து, எப்பாக்ஸி ப்ரைமர் (உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் அடிப் பூச்சு) போட்டு, திரும்பப் பூட்டும்போது இரண்டு உலோகங்களுக்கும் இடையில் பிளாஸ்டிக் வாஷரோ ரப்பரோ வைக்க வேண்டும்.

பட்டறையில் கவனிக்க வேண்டிய ஒன்று: இரும்பு வண்டியில் ஓடிய சாண்டிங் டிஸ்க்கையும் கம்பி பிரஷையும் இந்த வண்டியில் தொடக்கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால், ப்ரைமருக்கு அடியிலேயே அரிப்புக்கு விதை போட்ட மாதிரி.

பெயின்ட் எடுக்கும் முறையும் செலவை மாற்றும். மணல் பிளாஸ்டிங் வேண்டவே வேண்டாம். மெல்லிய தகடு அலைஅலையாகிவிடும். ஹீட் கன்னும் அப்படித்தான். ரசாயன ஸ்ட்ரிப்பர் வேகமானது, ஆனால் தகட்டு மடிப்புகளுக்குள் தங்கிவிட்டால் சில மாதம் கழித்துக் கசிந்து புதுப் பெயின்டைத் தூக்கும். டிஏ சாண்டரில் (சுழன்று தேய்க்கும் கைக்கருவி) 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, உலோகம் தெரிய ஆரம்பித்ததும் 120, 180 என்று நைசான தாளுக்குப் போவதுதான் பாதுகாப்பான வழி. நேரம் பிடிக்கும், அந்த 40–50 மணி நேரம் இங்கேதான் போகிறது. முன், பின் பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அவற்றில் ஸ்ட்ரிப்பர் துளிகூடப் படக்கூடாது.

தேய்த்து முடித்த அலுமினியத்தில் ஆக்சைடு உடனே படியத் தொடங்கும். அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், எப்பாக்ஸி இரண்டு கோட் விழுந்தாக வேண்டும். இன்று தேய்த்து வைத்துவிட்டு அடுத்த வாரம் ப்ரைமர் அடிக்கிற கடை என்றால் வேறு கடை பாருங்கள். ஆசிட் எட்ச் ப்ரைமரின் (அமிலம் கலந்த ப்ரைமர்) மேல் பாலியெஸ்டர் பட்டி போடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. அமிலம் பட்டி இறுகுவதைக் கெடுக்கும், பின்னால் பட்டியோடு சேர்ந்து எழும்பி வரும்.

பதில் 3

மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வண்டி முழுவதையும் உலோகம் வரை உரிக்கத் தேவையில்லை. கூரையும் வலது கதவும் 130–140 காட்டுகின்றன. அது தொழிற்சாலைப் பூச்சின் வழக்கமான தடிமன். அடிப் பூச்சு கெட்டியாகப் பிடித்திருந்தால், பட்டறையில் போடும் எதையும்விட அது நல்ல அஸ்திவாரம். அங்கெல்லாம் க்ளியரையும் நிறத்தையும் பெரும்பாலும் தேய்த்து எடுத்துவிட்டு, அடியில் உள்ளதை விட்டுவைத்து மேலே போங்கள். முன்மூடியையும் இடது கதவையும் மட்டும் உலோகம் வரை இறக்குங்கள். 380க்கும் 420க்கும் மேலே இன்னொரு 200 ஏற்றினால் 600 மைக்ரான். வெயிலிலும் குளிரிலும் தகடு விரிந்து சுருங்கும்போது அவ்வளவு தடித்த பூச்சு வெடிக்கும். இப்படிச் செய்தால் உரிக்கும் நேரத்தில் பாதி மிச்சம்.

ஆனால் மிச்சம் பிடித்த நேரத்தை ப்ரைமர் கட்டத்தில் செலவிடச் சொல்லுங்கள். ரீபெயின்ட் நன்றாக வருவதும் கெடுவதும் அங்கேதான். ஹை-பில்ட் டூ-கே ப்ரைமர் (ஹார்டனர் கலந்து தடிமனாக அடிக்கும் ப்ரைமர்) மூன்று கோட், அதன்மேல் கைட் கோட் பொடி (மேடு பள்ளத்தைக் காட்டும் நிறப்பொடி), நீளமான பிளாக்கில் (தாளைச் சுற்றித் தேய்க்கும் தட்டையான கட்டை) 180 எண் தாள், 320, பிறகு 400, கடைசியில் 600. தாழ்வான இடம் தெரிந்தால் மறுபடி ப்ரைமர், மறுபடி பிளாக். இந்த ப்ரைமர் காய்ந்தபின்னும் சுருங்கும். முழுவதும் இறுகும் முன் நிறம் அடித்துவிட்டால், டெலிவரி நாளில் கண்ணாடி மாதிரி இருக்கும் பரப்பில் மூன்றாவது மாதம் பட்டியின் ஓரக்கோடும் உப்புத்தாள் கீறலும் தெரியும். சூட்டில் வைத்து இறுக்குவது நல்லது, அதற்குமேல் சில நாள் சும்மா விடுவது இன்னும் நல்லது. “பத்து நாளில் தருகிறோம்” என்றால் இந்தக் காத்திருப்பு அங்கே இல்லை என்று அர்த்தம்.

சிவப்புக்கு இன்னொரு விஷயம். சிவப்பு நிறமிக்கு மறைக்கும் சக்தி குறைவு. அடியில் இருக்கும் சீலரின் (நிறத்துக்குச் சற்று முன் அடிக்கும் பூச்சு) சாம்பல் அளவு ஃபார்முலாவில் சொன்னபடி இருக்க வேண்டும். வெளிர் சாம்பல் ஒரு பக்கமும் கரும் சாம்பல் இன்னொரு பக்கமும் இருந்தால் ஐந்து கோட் அடித்தாலும் வண்டி இரண்டு சிவப்பாகத்தான் நிற்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி. மூவரிடமும் மணி நேரக் கணக்கு கேட்டுவிட்டேன். இருவர் தந்தார்கள், மிகக் குறைந்த தொகை சொன்னவர் தரவில்லை. இரண்டு சந்தேகம். ஒன்று, நிறத்தையே மாற்றி முத்துப்பூச்சுள்ள நிறம் போட்டால் எவ்வளவு கூடும்? இரண்டு, க்ளியர் கோட் எத்தனை லிட்டர் என்று ஒருவர் 3 லிட்டர், இன்னொருவர் 7 லிட்டர் எழுதியிருக்கிறார். எது சரி?

பதில் 1

லிட்டர் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். இந்த வண்டியில் பெயின்ட் படும் வெளிப்பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். கதவு ஓரங்கள், மூடிகளின் உட்புறம் சேர்த்தால் சுமார் 14. பின்னால் தேய்த்து பாலிஷ் போடுவதானால் காய்ந்த க்ளியர் 75 மைக்ரான் வேண்டும். 14 சதுர மீட்டரில் 75 மைக்ரான் என்றால் ஒரு லிட்டர் காய்ந்த பூச்சு. கலந்த க்ளியரில் பாதி ஆவியாகப் போகும், எனவே 2 லிட்டர். ஸ்ப்ரே கன்னிலிருந்து வருவதில் 60 சதவீதம்தான் வண்டியில் ஒட்டும், எனவே மூன்றரை லிட்டர். கன்னில் தங்குவது, ஒரு பாகத்தைத் திரும்ப அடிக்க நேர்வது என்று வைத்து ஹார்டனரோடு கலந்த அளவில் 5 லிட்டர் எழுதினால் நியாயம். 3 லிட்டர் என்றால் இரண்டு கோட் மட்டும் அடித்து, தேய்க்காமல், ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்போடு விடப் போகிறார் என்று பொருள். 7 எழுதியவர் தள்ளுபடி கேட்பீர்கள் என்று கூட்டியிருக்கலாம், கேளுங்கள்.

தேய்ப்பதில் 10 முதல் 15 மைக்ரான் போகும், பாலிஷில் இன்னும் கொஞ்சம். மிஞ்சும் 55–60 மைக்ரான்தான் அடுத்த பல வருடங்களுக்கு வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கப் போகிறது. 50 மட்டுமே அடித்துவிட்டு 1500 எண் தாளால் தேய்க்கும் வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே மூச்சில் தடிமனாக அடிப்பதும் தவறு. கோட்டுக்கு இடையே 10–15 நிமிடம் விடாமல் மேலே மேலே அடித்தால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு, பெயின்ட் பூத்தில் (பெயின்ட் அடித்துச் சூடேற்றும் மூடிய அறை) 60 டிகிரிக்குச் சூடேறும்போது ஊசிமுனைக் குமிழாக வெடிக்கும். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. அந்தப் பாகத்தைத் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை.

பதில் 4

நிறம் மாற்றுவது பற்றி. அதே சிவப்பு என்றால் கதவு உட்புற ஓரங்கள், முன்பெட்டியின் உள்பக்கம், எஞ்சின் அறை இவற்றில் இருக்கும் நல்ல பெயின்டை விட்டுவைக்கலாம். நிறம் மாறினால் அத்தனையும் மாற வேண்டும். இந்த வண்டியில் எஞ்சின் கண்ணாடி வழியாகத் தெரிகிறது. அங்கே பழைய சிவப்பு எட்டிப்பார்த்தால் மொத்த வேலையும் மலிவாகத் தெரியும். முறையாகச் செய்ய எஞ்சினை இறக்க வேண்டிவரும். குறைந்தது 60 முதல் 80 மணி நேரம் கூடும், எஞ்சின் இறக்கி ஏற்றுவது தனி.

முத்துப்பூச்சு மூன்று அடுக்கு: அடி நிறம், முத்து கலந்த நடு அடுக்கு, அதன்மேல் க்ளியர். நடு அடுக்கு பாதி ஒளி ஊடுருவும். அதை இரண்டு கோட் அடித்தால் ஒரு நிறம், மூன்று அடித்தால் வேறு நிறம். லம்போர்கினியின் வெர்டே இத்தாகா பச்சையைப் பொருத்த முயன்றவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். எனவே முதலில் சோதனைத் தகட்டில் ஒரு கோட், இரண்டு, மூன்று என்று படிப்படியாக அடித்து வெயிலில் வைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். தனியாகக் கழற்றி அடிக்கும் பம்பரையும் கதவையும் வண்டியில் நிற்கும் அதே நிலையில் தொங்கவிட்டு, அதே கலவை, அதே கன், அதே காற்றழுத்தத்தில் அடிக்க வேண்டும். படுக்கவைத்து அடித்தால் துகள்கள் வேறு கோணத்தில் படிந்து, பூட்டியபின் பம்பர் ஒரு சாயல் கருத்து நிற்கும். நாளை ஒரு கதவில் கீறல் விழுந்தால் பக்கவாட்டு முழுவதும் கலந்து அடிக்க வேண்டிய செலவும் இந்த நிறத்தோடு கூடவே வருகிறது.

என் கருத்தைச் சொல்கிறேன்: 360க்கு அதன் பிறவி நிறம் ரோஸ்ஸோ கோர்ஸா என்றால் மாற்றாதீர்கள். விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது தயாரிப்புப் பதிவில் உள்ள நிறமும் வண்டியில் உள்ள நிறமும் ஒன்றா என்பதைத்தான். வேறு நிறத்தில் ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் வினைல் ராப் (பெயின்டின் மேல் ஒட்டும் நிறப் படலம்) போடுங்கள். ஆனால் உரியும் க்ளியரின் மேல் ராப் ஒட்டினால் எடுக்கும்போது பெயின்டோடு வரும், ஆகவே ராப்புக்கும் முன்னால் பெயின்ட் சரியாக வேண்டும்.

பதில் 3

கடையை முடிவுசெய்யும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்தெந்தக் கண்ணாடி, விளக்கு, ரப்பர் கழற்றப்படும், உடைந்தால் யார் பொறுப்பு (முன்கண்ணாடி பசையில் ஒட்டியது, அறுத்து எடுக்கும்போது விரிசல் விட வாய்ப்புண்டு), புது ரப்பர் யார் வாங்குவது. பழைய வண்டிகளுக்கு ரப்பரும் க்ளிப்பும் மட்டுமே பெரிய தொகையாகும், வரவும் தாமதமாகும். வண்டியைக் கழற்றும் முன்பே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: கழற்றியதும் ஒரு பகுதி, எப்பாக்ஸி விழுந்ததும் ஒன்று, பிளாக் தேய்த்து முடித்ததை நேரில் தடவிப் பார்த்தபின் ஒன்று, பூட்டி முடித்ததும் மீதி. ஒவ்வொரு கட்டத்திலும் படமும், ஒவ்வொரு பாகத்தின் தடிமன் அளவும் வேண்டும். மீட்டர் அலுமினியத்தை அளக்கும் வகையாக இருக்கட்டும். காந்தத்தில் மட்டும் இயங்குவது இங்கே ஒன்றும் காட்டாது, பிளாஸ்டிக் பம்பரில் எந்தச் சாதாரண மீட்டரும் காட்டாது.

வண்டியோடு சேர்த்து ஒரு அலுமினியத் துண்டிலும் அதே அடுக்குகளை அடித்துத் தரச் சொல்லுங்கள். முழுவதும் இறுகியபின் அதில் பிளேடால் கட்டம் போல் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். சதுரங்கள் டேப்போடு வந்தால் வண்டியிலும் அதே கதைதான். கல் அடியைத் தடுக்க முன்பக்கம் பிபிஎஃப் (பெயின்டைக் காக்கும் ஒளிபுகும் படலம்) ஒட்டும் எண்ணம் இருந்தால் இந்தச் சோதனை கட்டாயம். அதுவும் அடித்து ஒரு மாதமாவது கழித்து ஒட்டுங்கள், உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும்.

கலந்த பேஸ் கோட்டில் (க்ளியருக்கு அடியில் இருக்கும் நிறப் பூச்சு) கால் லிட்டர், தின்னர் சேர்க்காமல், இறுக்கமான டின்னில், ஃபார்முலா சீட்டோடு கேட்டு வாங்கி வையுங்கள். பம்பரில் அடுத்த கல் விழும்போது அது தேவைப்படும்.