புல்லட்டில் 5 கியர் பெட்டி: செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய 1978 புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. என்ஜின் நன்றாக இருக்கிறது. பழைய 4 கியர் பெட்டிதான் தேய்ந்துவிட்டது. மூன்றாவது போட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால் டக்கென்று கழன்று நியூட்ரலுக்குப் போகிறது. திறந்து பார்த்தேன், கியர்களை ஒன்றோடொன்று பூட்டும் 'டாக்' (dog) என்ற பிடிகளின் முனைகள் உருண்டை உருண்டையாக மழுங்கிக் கிடக்கின்றன.

பிந்தைய மாடலின் வலது பக்க ஷிப்ட் 5 கியர் பெட்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இந்தப் பழைய புல்லட்டில் கியர் பெட்டி தனியாக, என்ஜினின் பின்புறம் போல்ட் போட்டு நிற்பதால் கிராங்க்கேஸைப் (என்ஜினின் அடிக்கூட்டை) பிரிக்க வேண்டாம். அதில் குழப்பமில்லை. என் கவலையெல்லாம் பிரைமரி பக்கம்தான், அதாவது என்ஜினிலிருந்து கிளட்சுக்குச் செயின் ஓடும் பக்கம். பழைய கிளட்ச் புதிய பெட்டியின் மெயின்ஷாப்ட்டில் (முதன்மைத் தண்டில்) அப்படியே உட்காருமா, கிளட்சையும் சேர்த்து மாற்ற வேண்டுமா? என்ஜின் பக்கமும் கிளட்ச் பக்கமும் உள்ள இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் (பல்சக்கரமும்) ஒரே கோட்டில் நிற்காவிட்டால் செயின் ஒருபக்கமாகத் தின்றுவிடும். ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்துச் சரி செய்தவர்கள் எதை வைத்து அளந்தீர்கள்? அப்புறம், கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் கம்பியான புஷ் ராடின் நீளம் மாறுமா?

பழைய பெட்டியைத் தூக்கிப் போட மாட்டேன், பத்திரமாக வைத்திருப்பேன். அதனால் வண்டியின் பிரேமை வெட்டாமல், துளை போடாமல் முடிக்க வேண்டும். மாற்றியவர்கள் பிரைமரி பக்கத்துப் படம் இருந்தால் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.