காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு கோடு: அதை வைத்துக்கொண்டு யாரைக் கைகாட்டுவீர்கள்?

கொங்குமருது:
போன வாரம் ஒருத்தர் "காசநோய் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது" என்று அடித்துவிட்டிருந்தார். முடியும் ஐயா. நோயாளிகள் இரண்டு பேரின் கிருமிக்கு டி.என்.ஏ. ரேகை, அதாவது ஆளை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. அமைப்பை, எடுங்கள். ஒன்றாக இருந்தால் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். 1994-லேயே சான் பிரான்சிஸ்கோவில் இப்படிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு நோய் புதிதாகத் தொற்றியது என்று சொல்லிவிட்டார்கள். மனிதனுக்கு எப்படியோ கிருமிக்கும் அப்படியே.

நுண்ணோக்கி:
அந்த "ஒருத்தர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாம் தம்பி, கோபித்துக்கொள்ள மாட்டேன். (கோபத்தில்தான் எழுதுகிறேன்.)

சான் பிரான்சிஸ்கோ கிருமி வேறு, சென்னைக் கிருமி வேறு. அவர்கள் தேடியது ஐ.எஸ்.6110 என்ற துண்டை. கிருமியின் டி.என்.ஏ.வில் அது எத்தனை இடத்தில், எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. டி.என்.ஏ.வை நொதியால் வெட்டி, ராத்திரி முழுக்க ஜெல்லில் ஓட்டி, சவ்வுக்கு மாற்றிப் பார்த்தால் கோடுகள் தெரியும். அங்கே ஒரு கிருமிக்குப் பத்து, பதினைந்து கோடு. அத்தனையும் பொருந்தினால் நானும் நம்புவேன். நம்ம ஊரில் கணிசமான கிருமிகளுக்கு ஒரே ஒரு கோடு! சிலவற்றில் அதுவும் கிடையாது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்துக்காரர்களே 1995-ல் எழுதி வைத்த விஷயம் இது. அந்த ஒற்றைக் கோடும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து உட்காரும். தண்டையார்பேட்டைக்காரருக்கும் ஒரு கோடு, தாம்பரத்துக்காரருக்கும் அதே கோடு. யார் யாருக்குக் கொடுத்தது? சொல்லுங்கள்.

தாரணி:
முதலில் "ரகம்" என்று எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்துவிட்டுப் பேசலாமா? எத்தனை வித்தியாசம் இருந்தால் வேறு ரகம்?

கொங்குமருது:
@நுண்ணோக்கி, நீங்கள் 1995-லேயே நின்றுவிட்டீர்கள். 1997-ல் ஸ்பாலிகோடைப்பிங் வந்துவிட்டது. கிருமியின் டி.என்.ஏ.வில் 43 சிறு துண்டு, துண்டுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொன்றும் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கலாம், கோடே தேவையில்லை. அப்புறம் 24 இடங்களில் ஒரே துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணும் முறை. கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

நுண்ணோக்கி:
படித்துவிட்டு வரவா? நீங்கள் பள்ளிக்கூடம் போகும்போது நான் ஜெல் ஊற்றிக்கொண்டிருந்தேன் தம்பி. ஒரு ஜெல்லுக்குக் கிருமி வளரவே மூன்று நான்கு வாரம். அது வளர்ந்தபின் அந்த ஒரு கோட்டைப் பார்த்து வயிறெரிந்தவன் நான்.

43 புள்ளியாம்! தென்னிந்தியாவில் அதிகம் இருப்பது கிழக்கு ஆப்பிரிக்க-இந்திய வம்சம் என்ற காசநோய்க் கிருமிக் குலம். அதில் ஏகப்பட்ட கிருமிகளுக்கு ஒரே புள்ளி வரிசைதான் வரும். அது குலத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. நான் கேட்டது கோட்டைப் பற்றி. பதில் வரவில்லை.

வெண்பாவேந்தன்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். "டி.என்.ஏ. ரேகை" என்பதே தவறு. கிருமிக்கு ஏது கை, ஏது ரேகை? "மரபுக்கூற்று அடையாளம்" என்று எழுதலாமே.

கொங்குமருது:
ஐயா, மனிதனுக்கு எடுக்கும் டி.என்.ஏ. ரேகையிலும் கையைப் பார்ப்பதில்லை.

வெண்பாவேந்தன்:
அதுவும் தவறு என்றுதான் நான் பத்து வருடமாகச் சொல்கிறேன்.

தாரணி:
@நுண்ணோக்கி சார், பொருந்தினால் நம்ப முடியாது, சரி. பொருந்தாவிட்டால்? அது வேறு கிருமி என்று தைரியமாகச் சொல்லலாம் இல்லையா? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் திரும்ப வந்தபோது, பெரும்பாலும் பழையது கிளம்பவில்லை, புதிதாகத் தொற்றியது என்று தமிழ்நாட்டில் இதை வைத்துத்தானே கண்டுபிடித்தார்கள்? பரிசோதனைக் கூடத்தில் ஒரு நோயாளியின் மாதிரி இன்னொருவருடையதில் கலந்துவிட்டதா என்றும் பார்க்கிறார்களே.

நுண்ணோக்கி:
அம்மா, அதை நான் எங்கே மறுத்தேன்? நான் பேசுவது பொருந்துவதைப் பற்றி. ஒரு கோடு. அதுவும் ஒரே இடத்தில்.

கூடவே மாதிரிகள் கலப்பதைப் பற்றியும் சொன்னீர்கள். ஒரே நாளில் வைத்த மூன்று நோயாளிகளின் மாதிரியும் அச்சு அசலாக ஒன்றாக வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஒரே கோடு இருக்கிற ஊரில் எதை வைத்துச் சந்தேகப்படுவது? எனக்கு மேலே இருந்த ஒருவர் இதையே "அபாரமான பொருத்தம்" என்று படம் போட்டுக் காட்டி, கைதட்டலும் வாங்கினார். பெயர் சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும்.

மேடவாக்கம்மணி:
இவ்வளவு பேசுகிறீர்களே, செங்கல்பட்டில் 1968-ல் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியைப் போட்டுப் பார்த்து, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று 1979-ல் அறிக்கை வந்ததே, அதை யாராவது பேசினீர்களா?

கொங்குமருது:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மேடவாக்கம்மணி:
எல்லாம் சம்பந்தம்தான். எங்கள் அப்பாவுக்கு அந்த ஊசி போட்டார்கள்.

நுண்ணோக்கி:
சம்பந்தம் இருக்கிறது! பி.சி.ஜி. ஊசியில் இருக்கும் கிருமியிலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோடுதான். ஒரு கோடு என்றால் எவ்வளவு தகராறு என்று இப்போதாவது புரிகிறதா?

கொங்குமருது:
கடைசியாகச் சொல்கிறேன். இப்போது முழு மரபுத்தொகுதியையும் படிக்கிறார்கள், 44 லட்சம் டி.என்.ஏ. எழுத்து. வருடத்துக்கு அரை எழுத்துதான் மாறும். இரண்டு கிருமிக்கும் ஐந்து எழுத்துக்குள் வித்தியாசம் என்றால் சமீபத்தில் தொற்றியது, பன்னிரண்டைத் தாண்டினால் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் கோடு செத்துப் போய்விட்டது.

நுண்ணோக்கி:
பார்த்தீர்களா? "ரேகை எடுத்தால் போதும்" என்று ஆரம்பித்தவர் இப்போது மொத்தப் புத்தகத்தையும் படிக்கிறார். ரேகை போதாது என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று.

கொங்குமருது:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதுவும் ரேகைதான்.

வெண்பாவேந்தன்:
அடையாளம்.

நுண்ணோக்கி:
சரி, ஐந்து எழுத்துக்குள் வந்துவிட்டது. அப்போதும் முருகனிடமிருந்து கந்தனுக்கா, கந்தனிடமிருந்து முருகனுக்கா? இல்லை, இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு மூன்றாவது ஆள் பஸ் ஏறிப் போய்விட்டாரா? யார் முதலில் இருமினார் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் தெரியும். முன்பு இங்கே நடந்த தயிர்க் கிருமி விவாதத்திலும் இதே மருதுதான் "உறையைப் பார்த்தே ரகம் சொல்வேன்" என்றார். ஞாபகம் இருக்கிறது.

கொங்குமருது:
தயிரை ஏன் இழுக்கிறீர்கள்? அதில் நான் சொன்னதுதான் சரி.

நெறியாளர்:
செங்கல்பட்டு பி.சி.ஜி. பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. தயிரைப் பற்றி இங்கே வேண்டாம்.

நுண்ணோக்கி:
மாற்றியதில் என் பதிவு ஒன்றும் போய்விட்டது. அதில்தான் கோட்டைப் பற்றி விவரமாக எழுதியிருந்தேன். திரும்பப் போடுங்கள்.