இடித்தவரின் இன்ஷூரன்ஸ் பணம் தர மாட்டேன் என்கிறது, என்ன செய்வது? (அவசரம்)

மணப்பாறை முறுக்கு | ஜனவரி 20, இரவு 9:42
எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை என் வண்டி நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த ஒரு பிக்கப் டிரக் இடித்துவிட்டது. தப்பு முழுக்க அவர்மேல்தான். அவரே வந்து ஒத்துக்கொண்டார், இன்ஷூரன்ஸ் அட்டையையும் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்று அவருடைய கம்பெனிக்குப் போன் செய்தால், "உங்கள் வண்டிச் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, உங்கள் கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார்கள். என் கம்பெனியோ "உங்கள் பாலிசியில் அது இல்லை" என்கிறது. பாடி ஷாப்பில் 4,800 டாலர் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். இடித்தவன் ஒருத்தன், தண்டம் கட்டுவது நானா? வக்கீல் பிடிக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள், நாளை மதியம் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்டின் அண்ணாச்சி | இரவு 9:58
தம்பி, பதறாதே. முதல் போனில் மாட்டேன் என்று சொல்லிப் பார்ப்பார்கள், கேட்டவன் அசந்துபோனால் அவர்களுக்கு லாபம். இங்கே டெக்சஸில் கட்டாய இன்ஷூரன்ஸின் குறைந்தபட்சமே 30/60/25 (ஆயிரம் டாலரில்). கடைசி எண்தான் அடுத்தவர் பொருளுக்கான சேதம், 25,000 டாலர். உன் 4,800 அதற்குள் தாராளமாக அடங்கும். பணம் கேட்டு எழுத்தில் ஒரு டிமாண்ட் லெட்டர் அனுப்பு, படங்களை இணை, பதினைந்து நாள் கெடு கொடு. இரண்டு வருடம் முன்னால் எனக்கும் இதே கதைதான், கடிதம் போனதும் செக் வந்துவிட்டது.

எடிசன் எலி | இரவு 10:05
எந்த ஸ்டேட்? போலீஸ் ரிப்போர்ட் இருக்கிறதா? உங்கள் பாலிசியில் கொலிஷன் (மோதலில் நம் வண்டிச் சேதத்துக்கான கவரேஜ்) இருக்கிறதா இல்லையா? இது எதுவுமே சொல்லவில்லையே.

வெண்டைக்காய் சாம்பார் | இரவு 10:11
அந்த பிக்கப் வேறு யாரையாவது இடித்ததா? அவர் பாலிசி தரும் உச்சத் தொகை, லிமிட், தீர்ந்துபோயிருக்கலாம். கலிஃபோர்னியாவில் 2024 முடியும்வரை பொருள் சேதத்துக்கு வெறும் 5,000 டாலர்தான் கட்டாயம், 2025 ஜனவரியிலிருந்துதான் 15,000. ஒரு டெஸ்லா பம்பருக்கே 5,000 போதாது. உங்களுக்கு முன்னால் யாரோ கிளெய்ம் செய்துவிட்டார்கள் என்பது என் ஊகம்.

சட்டம்பிள்ளை | இரவு 10:30
வாரத்துக்கு ஒருவர் இப்படி வந்து நிற்கிறார். டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டுவீர்களா? ஐம்பது மாநிலம் என்றால் ஐம்பது சட்டம். நியூ ஹாம்ப்ஷயரில் பெரும்பாலோருக்கு கார் இன்ஷூரன்ஸ் கட்டாயமே இல்லை, தெரியுமா? மாநிலம், தேதி, பாலிசியின் முதல் பக்கத்தில் உள்ள கவரேஜ் பட்டியல். இந்த மூன்றும் வராமல் யாரும் பதில் சொல்லிக் கைவலி தேடிக்கொள்ள வேண்டாம்.

மணப்பாறை முறுக்கு | இரவு 10:47
மன்னிக்கவும், கைப்பேசியில் அடித்தேன். மிச்சிகன், கேன்டன் பக்கம். அக்டோபரில்தான் ஓஹாயோவிலிருந்து குடிவந்தோம். 2013 கேம்ரி, பழைய வண்டிதானே என்று கொலிஷன் எடுக்கவில்லை. ஓஹாயோவிலும் அப்படித்தான் வைத்திருந்தேன். நாம் யாரையும் இடிக்காதவரை கவலை இல்லை, நம்மை இடித்தால் இடித்தவன் தருவான், இதுதானே கணக்கு?

பனிக்கரடி | இரவு 11:02
அடடா, மிச்சிகனா! முறுக்கு ப்ரோ, அந்தக் கணக்கு ஓஹாயோவுக்குச் சரி. இங்கே வண்டிச் சேதத்துக்கும் நோ-ஃபால்ட் சட்டம்தான். அதாவது ஓடுகிற வண்டி இரண்டு மோதினால், தப்பு யாருடையதாக இருந்தாலும் அவரவர் வண்டியை அவரவர் கொலிஷன் பார்த்துக்கொள்ள வேண்டும். கொலிஷன் இல்லையென்றால் தப்பு செய்த எதிராளியிடம் கேட்கக்கூடியது மினி-டார்ட் என்கிற சின்ன இழப்பீடு மட்டும். முன்பு 1,000 டாலர், 2020 ஜூலை முதல் 3,000 டாலர்வரை. அதற்கும் விபத்தன்று உங்கள் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்திருக்க வேண்டும், தப்பில் உங்கள் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று. மினி-டார்ட் பணத்தை இடித்தவரின் கம்பெனி தரும் என்று உறுதியில்லை. அது அவர் தனியாகச் சில டாலர் கட்டிச் சேர்க்கும் கவரேஜ். சேர்க்காவிட்டால் அவர் சொந்தப் பையிலிருந்து தர வேண்டும். தராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். அங்கே 7,000 டாலர்வரை வக்கீல் இல்லாமலே நாமே வழக்குப் போடலாம். மீதி 1,800 உங்கள் தலையில்தான். வருத்தமாகத்தான் இருக்கிறது.

எடிசன் எலி | இரவு 11:09
கரடி, இது தப்பு. நோ-ஃபால்ட் என்பது ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும். நியூ ஜெர்சியும் நோ-ஃபால்ட்தான். போன வருடம் என் கதவை ஒருவர் பெயர்த்தார், அவருடைய கம்பெனிதான் முழுசாகத் தந்தது. மிரட்டாதீர்கள் பாவம்.

பனிக்கரடி | இரவு 11:20
நியூ ஜெர்சியில் சரி, ஃபுளோரிடாவிலும் சரி. உடம்புக்கு நோ-ஃபால்ட், வண்டிக்குத் தப்பு செய்தவர். மிச்சிகனில்தான் வண்டியையும் அதற்குள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். ட்ராயில் பதினோரு வருடமாக இருக்கிறேன், வெளியூரிலிருந்து வருகிற அத்தனை பேரும் விழுகிற பள்ளம் இது.

ஆஸ்டின் அண்ணாச்சி | இரவு 11:26
பனியும் உண்டு, பள்ளமும் உண்டு, பிரீமியமும் ஜாஸ்தி. எதற்கு அந்த ஊரில் இருக்கிறீர்கள்? டெக்சஸ் வந்துவிடுங்கள்.

பனிக்கரடி | இரவு 11:33
அண்ணாச்சி, பிரீமியம் ஜாஸ்தியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 2020 வரை எல்லோருக்கும் ஆயுள் முழுக்க, வரம்பில்லாத மருத்துவச் செலவுக் கவரேஜ் கட்டாயம். 2019-ல் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது வரம்பில்லாதது, 5 லட்சம், இரண்டரை லட்சம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். மெடிகெய்டு, மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உள்ளவர்களுக்கு இன்னும் குறைந்த வழிகளும் உண்டு.

வெண்டைக்காய் சாம்பார் | இரவு 11:37
வேலையில் ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கும்போது எதற்கு வரம்பில்லாதது? இரண்டு தடவை பணம் கட்டுவது போல.

பனிக்கரடி | இரவு 11:45
வேலை போனால்? எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலையோடு அந்த ஹெல்த் இன்ஷூரன்ஸும் போகும். அதுவும் தவிர, முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்தால் வீட்டில் வந்து பார்த்துக்கொள்கிற ஆளுக்கு வருடக்கணக்கில் உங்கள் ஹெல்த் பிளான் சம்பளம் கொடுக்காது. நான் வரம்பில்லாததையே வைத்திருக்கிறேன்.

சட்டம்பிள்ளை | இரவு 11:51
பயத்தை விற்கிறீர்கள். பெரிய கிளெய்ம்களுக்கென்று மிச்சிகனில் இருக்கும் நிதிக்கு 2019-ல் ஒரு வண்டிக்கு 220 டாலர் வசூலித்தார்கள். கடைசியில் காசு மிஞ்சிப்போய் 2022-ல் வண்டிக்கு 400 டாலர் செக் திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவு நாள் யார் பணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்? சாதாரணக் குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் போதும்.

பனிக்கரடி | இரவு 11:58
ஹெலிகாப்டரில் ஆன் ஆர்பர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு ஆபரேஷன் செய்தால் அந்த இரண்டரை லட்சம் எத்தனை நாள் தாங்கும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். அந்த 400 டாலர் செக் எனக்கும் வந்தது, வாங்கிக்கொண்டேன். அதற்காக என் கருத்து மாறவில்லை.

எடிசன் எலி | ஜனவரி 21, காலை 7:15
கேள்வி கேட்டவரை விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறீர்கள்.

காப்பிப்பொடி | காலை 7:40
எல்லாவற்றையும் படித்தேன். யாரும் கேட்காத ஒன்று. முறுக்கு சார், "வண்டி நின்றுகொண்டிருந்தது" என்றால் எப்படி? சிக்னலில் நின்றதா, ஓரமாகப் பார்க் செய்திருந்ததா? மிச்சிகனில் எல்லாமே இதில்தான் இருக்கிறது.

சட்டம்பிள்ளை | காலை 8:02
பின்னால் வந்து இடித்தார் என்கிறார். சிக்னல்தான். கதையை வளர்க்காதீர்கள்.

மணப்பாறை முறுக்கு | காலை 8:31
பார்க் செய்திருந்தேன் சார்! அதைத்தானே முதல் வரியிலேயே சொன்னேன். நண்பர் வீட்டில் பொங்கல் கொண்டாட்டம். தெருவில் வரிசையாக எல்லோரும் நிறுத்தியிருந்தோம், நாங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பிக்கப் பனியில் சறுக்கி வந்து என் வண்டியில் மோதி நின்றிருக்கிறது. அவரே வாசலுக்கு வந்து மணியடித்து "யாருடைய கேம்ரி" என்று கேட்டார்.

காப்பிப்பொடி | காலை 8:44
கம்பெனிக்காரர்களிடம் என்ன வார்த்தை சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

மணப்பாறை முறுக்கு | காலை 8:50
கார் "ஸ்டாப்டு" என்று சொன்னேன் போலிருக்கிறது. பின்னால் வந்து இடித்தார் என்றும் சொன்னேன். ஏன்?

காப்பிப்பொடி | காலை 9:20
அதுதான் வினை. ஸ்டாப்டு என்றால் அவர்கள் காதில் சிக்னலில் நிற்கிற வண்டி, இரண்டு ஓட்டுநர், மினி-டார்ட். அந்தக் கதைக்கு அவர்கள் சொன்ன பதில் சரியானதே. "பார்க்டு" என்று சொல்லியிருக்க வேண்டும்.

மிச்சிகனில் ஒவ்வொரு பாலிசியிலும் பிபிஐ என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். பிராப்பர்ட்டி புரொடெக்‌ஷன் இன்ஷூரன்ஸ். நம் வண்டி ஓடிப்போய் யாருடைய வேலியையோ, சுவரையோ, கடை முகப்பையோ இடித்தால் 10 லட்சம் டாலர்வரை அதிலிருந்து தருவார்கள். பொதுவாக வண்டிகளுக்கு அது கிடையாது. ஆனால் ஒழுங்காகப் பார்க் செய்து வைத்த வண்டி விதிவிலக்கு, சட்டம் அதை வேலி மாதிரியே பார்க்கிறது. ஆக உங்கள் கேம்ரிக்கு இடித்தவரின் கம்பெனிதான் தர வேண்டும். உங்களுக்குக் கொலிஷன் இல்லாதது பொருட்டே இல்லை, 3,000 வரம்பும் இல்லை, டிடக்டிபிளும் (முதலில் நம் கையிலிருந்து போடும் தொகை) இல்லை. ரிப்பேர் செலவு, அல்லது தேய்மானம் போக மாற்றுச் செலவு, இதில் எது குறைவோ அது. வண்டி இல்லாமல் நீங்கள் தவிக்கிற நாட்களின் மதிப்பும் சேரும், வாடகை வண்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் முன்னால் என் தங்கை வண்டிக்கு இதே மாதிரி நடந்து, நாங்களும் முதலில் மினி-டார்ட் என்று நம்பி 1,000 சொச்சம் விட்டுக்கொடுக்க இருந்தோம். பாடி ஷாப்காரர்தான் காப்பாற்றினார்.

இப்போது சொல்லுங்கள். போலீஸ் வந்ததா? பக்கத்தில் ஃபயர் ஹைட்ரன்ட் இருந்ததா? பதினைந்து அடிக்குள் நிறுத்தக் கூடாது. பனி அள்ளுவதற்காகத் தெருவில் நிறுத்தத் தடை ஏதாவது போட்டிருந்தார்களா? வளைவா, நேர்ச் சாலையா? அடுத்தவருக்கு ஆபத்தாக நிறுத்தியிருந்தால் இந்த விதிவிலக்கை மறுக்க வழி கிடைத்துவிடும்.

மணப்பாறை முறுக்கு | காலை 9:41
போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார். ஹைட்ரன்ட் எதிர்ப்பக்கம். தடை எதுவும் இல்லை. நேர்ச் சாலைதான். படங்கள் இருக்கின்றன.

காப்பிப்பொடி | காலை 9:55
அப்புறம் என்ன. அந்த போலீஸ் ரிப்போர்ட்டுக்கு இங்கே யுடி-10 என்று பெயர், வாங்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள விபத்து வரைபடத்தில் உங்கள் வண்டி நிறுத்தப்பட்டிருந்தது என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். போனில் "பிபிஐ கிளெய்ம், என் வண்டி பார்க்டு, அன்-ஆக்குபைடு" (உள்ளே ஆள் இல்லை) என்று இந்த வார்த்தைகளையே சொல்லுங்கள். அப்போதும் மாட்டேன் என்றால் எழுத்தில் காரணம் கேளுங்கள், மாநில இன்ஷூரன்ஸ் துறையான டிஃப்ஸில் புகார் போடலாம், காசு இல்லை. ஆற அமர இருக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள், வழக்கு என்று போனால் விபத்து நாளிலிருந்து ஒரே ஒரு வருடம்தான் கெடு.

பனிக்கரடி | காலை 10:10
ஒத்துக்கொள்கிறேன், நானும் சிக்னல் என்றே நினைத்துவிட்டேன். காப்பிப்பொடி சொல்வதுதான் சரி.

சட்டம்பிள்ளை | காலை 10:26
பார்க் செய்திருந்தால் பிபிஐ என்பது எனக்கும் தெரிந்ததே. அவர் எழுதியதுதான் பிழை. பார்க் செய்ததற்கு "நிறுத்தியிருந்தேன்" என்று எழுத வேண்டும். "நின்றுகொண்டிருந்தது" என்றால் ஓடிவந்து நின்ற வண்டி.

எடிசன் எலி | காலை 10:34
அப்படியா? "வாசலில் கார் நிற்கிறது, யார் வந்திருக்கிறார்கள்" என்று எங்கள் பாட்டி கேட்பார். அது என்ன ஓடிவந்த வண்டியா?

சட்டம்பிள்ளை | காலை 10:39
உங்கள் பாட்டி கிளெய்ம் போடவில்லை.

ஆஸ்டின் அண்ணாச்சி | காலை 11:05
டிமாண்ட் லெட்டர் போடச் சொன்னேன், அதுவும் வீண் போகாது. போட்டு வை தம்பி.

வெண்டைக்காய் சாம்பார் | மதியம் 12:20
முறுக்கு, போன் செய்தீர்களா? என்ன ஆயிற்று?

எடிசன் எலி | ஜனவரி 24
ஆள் காணோம்.

மணப்பாறை முறுக்கு | பிப்ரவரி 2
ஒத்துக்கொண்டார்கள். யுடி-10 அனுப்பியதும் கம்பெனியில் கிளெய்மைப் பார்க்கிற வேறு அட்ஜஸ்டர் கூப்பிட்டார், மரியாதையாகப் பேசினார். வண்டி ஷாப்பில் இருக்கிறது, ஆறு நாள் வாடகை வண்டிக்கும் தருகிறார்கள். காப்பிப்பொடி சாருக்கு நன்றி. எல்லோருக்கும் நன்றி.

பனிக்கரடி | பிப்ரவரி 2
சந்தோஷம். சிக்னலில் நின்றபோது நடந்திருந்தால் 1,800 போயிருக்கும், அதனால் இப்போதே கொலிஷன் விலை கேளுங்கள். அதில் பிராட் ஃபார்ம் என்ற வகை எடுத்தால் தப்பு பாதிக்கு மேல் உங்களுடையது இல்லாதபோது டிடக்டிபிள் கிடையாது. லிமிடெட் என்று ஒன்று உண்டு, மலிவு. ஆனால் தப்பு பெரும்பாலும் உங்களுடையது என்றால் ஒன்றும் தராது. 2013 வண்டிக்கு லிமிடெட் போதும் என்பேன். எடுத்தீர்களா?

பனிக்கரடி | பிப்ரவரி 9
எடுத்தீர்களா ப்ரோ?