மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி 19 நாள்: அம்மாவுக்குச் சாயங்கால வீக்கம் வடியவில்லை

அம்மாவுக்கு வயது 64. வலது முழங்காலில் முழு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து இன்றோடு 19 நாள். திண்டுக்கல்லில் வீட்டில்தான் இருக்கிறார். காலையில் கால் பரவாயில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வீங்கி, தோல் மினுமினுக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்லத்தான் மேலே வருகிறது. இரவு இரண்டு மணிக்கு வலியில் எழுந்து, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். பார்க்கவே முடியவில்லை.

ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி 20 நிமிடம், தினம் நான்கு முறை வைக்கிறோம். படுக்கும்போது குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்து நெஞ்சுக்கு மேலே காலை உயர்த்துகிறோம் (முழங்காலுக்கு நேர் கீழே வைக்கக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார்). டாக்டர் எழுதித் தந்த பாராசிட்டமால் 650 மூன்று வேளை. ரத்தம் உறைந்திருக்குமோ என்று பயந்து போன வாரம் டாப்ளர் ஸ்கேனும் எடுத்தோம், ஒன்றும் இல்லை. காய்ச்சல் இல்லை, தையல் காய்ந்துவிட்டது. போகப் போகச் சரியாகும் என்கிறார் டாக்டர்.

கால் 80 டிகிரிதான் மடங்குகிறது. பயிற்சியைக் கூட்டினால் வீக்கம் ஏறுகிறது, குறைத்தால் மூட்டு இறுகிவிடுகிறது.

இதைக் கடந்து வந்தவர்கள், நடையையும் மடக்கும் பயிற்சியையும் ஒரு நாளுக்குள் எப்படிப் பிரித்துச் செய்தீர்கள்?